கோத்தகிரிச் சரிவில் தைல மணம் வீசும் புதர்: இனங்காணலும் நாற்று வளர்ப்பும்

குன்றுவழி (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரிக்கு அருகே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறு நிலம் இருக்கிறது. அதன் மேற்பாதியில் பழைய தேயிலை நிற்கிறது. கீழ்ப்பாதியில் நெடுங்காலமாகப் பரவியிருந்த, வாட்டில் எனப்படும் சீகை மரங்களை, 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெற்று, சென்ற ஆண்டு அகற்றினோம். அந்த இடத்தில் மறுபடியும் தேயிலையை நடாமல், இம்மலைக்கே உரிய செடிகளை வளர்க்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

நிலத்தை ஒட்டிச் சாலைக்காக வெட்டப்பட்ட மண்சரிவில் ஒரு புதர் தானாகவே முளைத்து வளர்ந்திருக்கிறது. அது இடுப்பளவு உயரம் இருக்கும். இளந்தண்டுகள் செந்நிறமானவை, இலைகள் தண்டில் மாறி மாறி அமைந்து, தோல்போல் தடித்து, ஓரத்தில் நுண்ணிய பற்களுடன் இருக்கின்றன, இலையின் அடிப்பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. சிறிய வெண்ணிறக் குடவடிவப் பூக்கள் இலைக்கக்கத்திலிருந்து கொத்தாகத் தொங்குகின்றன. இலையைக் கசக்கினால் மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் மணம் எழுகிறது. இங்குள்ளவர்கள் விண்டர்கிரீன் என்கிறார்கள்; சுற்றுலா வழிகாட்டிகள் ஐயோடெக்ஸ் செடி என்று காட்டுவதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் சற்றுத் தள்ளிச் சோலையின் விளிம்பில், இதே போன்ற குடவடிவப் பூக்களுடன், எந்த மணமும் இல்லாத வேறொரு செடியும் நிற்பதால் எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதும், மணமுள்ள புதரை விதையிலிருந்தோ குச்சியிலிருந்தோ பெருக்க இயலுமா என்பதும் என் முதன்மையான கேள்விகள். கூடவே ஒரு சிக்கலும் உண்டு. ஒரு நாற்றங்காலில் இதே செடியின் கன்றுகள் சிலவற்றை வாங்கி, பருவமழைக்கு முன் நட்டோம். அவற்றுள் கீழ் வரிசையில் நட்டவை நலமாக இருக்கின்றன. மேல் வரிசையில் நட்டவற்றின் இளம் இலைகளோ மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. தண்ணீர் இரண்டு வரிசைக்கும் ஒரே அளவில்தான் கிடைக்கிறது. என்ன காரணமாக இருக்கும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

இலைநரம்பு

வணக்கம் ஐயா. மணம், இலையடிப் புள்ளிகள், கக்கத்துக் கொத்துப் பூக்கள் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால், அது கோல்தேரியா ஃப்ராக்ரான்டிசிமா என்ற இனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எரிக்கேசி எனப்படும் ஹீத் குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய தாவர நூல்களைப் புரட்டினால் நீலகிரிச் செடி கோல்தேரியா லெஷெனோல்தி என்ற பெயரிலும் இருக்கும். 1816 முதல் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் நினைவாக வைத்த பெயர் அது. இன்று இரண்டையும் ஒரே இனமாகவே கொள்கிறார்கள். ஆகவே பழைய நூலிலும் புதிய நூலிலும் பெயர் வேறுபட்டால் திகைக்க வேண்டாம்.

மணமில்லாத மற்றது பெரும்பாலும் வாக்சினியம் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். நீலகிரியில் வாக்சினியம் லெஷெனோல்தி, வாக்சினியம் நீல்கெரென்சே என இரண்டு இனங்கள் உண்டு. முன்னது கரடுமுரடான பட்டையுடன் சிறு மரமாகவே வளரும். அதன் தளிர்கள் செக்கச்செவேலென்று இருப்பதால் தொலைவிலிருந்தே கண்ணில் படும். ஹீத் குடும்பத்தில் உலகெங்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருந்தாலும், நம் தென்னக மலைகளில் இருப்பவை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். இவ்விரு பேரினங்களையும், ரோடோடென்ட்ரான் எனப்படும் செம்பூப் பூக்கும் காட்டுப்பூவரசையும் அறிந்துகொண்டால் ஏறக்குறைய முழுக் குடும்பத்தையும் அறிந்ததாகிவிடும்.

பூவை மட்டும் பார்த்தால் வேறுபாடு எளிதில் பிடிபடாது. காயை நறுக்கிப் பாருங்கள். அதுவே உறுதியான வழி. வாக்சினியத்தில் சூலகம் புல்லிவட்டத்துக்குக் கீழே அமைந்திருப்பதால், பழத்தின் உச்சியில் புல்லியின் எச்சம் வட்டத் தழும்பாக நிற்கும். உள்ளே சதை, சதைக்குள் விதைகள். கோல்தேரியாவில் நடப்பது வேறு. அதன் உண்மையான காய், ஐந்து பிளவாக வெடிக்கக்கூடிய உலர்ந்த ஒரு சிறு பெட்டகமே. பூ உதிர்ந்தபின் ஐந்து புல்லிதழ்களும் காயோடு சேர்ந்து வளர்ந்து, தடித்து, சதைப்பற்றேறி, கருநீல நிறம் பெற்று, அப்பெட்டகத்தைச் சுற்றி மூடிக்கொள்கின்றன. நாம் பழம் என்று நினைப்பது அந்தப் புல்லிவட்டத்தைத்தான். உச்சியில் ஐந்து புல்லிநுனிகள் விண்மீன் வடிவில் கூடியிருக்க, அவற்றின் இடையே உள்ளிருக்கும் பெட்டகம் தெரியும். பறவைகள் அந்த நீலச் சதைக்காக வந்து, விதையைக் கொண்டு செல்கின்றன.

கைவில்லை ஒன்று இருந்தால் பூவையும் பிரித்துப் பார்க்கலாம். பத்து மகரந்தத்தாள்கள் இருக்கும். ஒவ்வொரு மகரந்தப்பையின் நுனியிலும் மெல்லிய முள்கள் நீண்டிருக்கும். மகரந்தம் வெளிவருவது பிளவு வழியாக அல்ல, நுனியிலுள்ள துளை வழியாக. பூவுக்குள் தலையை நுழைக்கும் பூச்சி அம்முள்களில் மோதும்போது மகரந்தம் அதன்மேல் உதிர்கிறது. இனங்காண இது தேவையில்லை என்றாலும், ஒருமுறை பார்க்கத் தக்க காட்சி.

இதன் பரவலைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இமயமலையிலும் மேகாலயாவின் காசி மலைகளிலும் மியான்மரிலும் இது வளர்கிறது; பிறகு இடையிலுள்ள பரந்த சமவெளியையும் தக்காணத்தையும் தாண்டி, நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய உச்சிகளில் மறுபடியும் தோன்றுகிறது. காட்டுப்பூவரசின் கதையும் இதுவே. குளிர்ந்த ஊழிகளில் இச்செடிகள் தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்து, வெப்பம் கூடியபோது உயர்ந்த மலைகளுக்குள் ஒதுங்கின என்பது இதற்குப் பலர் தரும் விளக்கம். உங்கள் மண்சரிவில் நிற்பது அப்படித் தனித்துவிடப்பட்ட ஒரு கூட்டத்தின் வழிவந்தது என்பதால், இமயமலையிலிருந்து வரவழைக்கப்பட்ட விதையை இதனருகே நட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் கன்று வாங்கிய இடத்தில் அவற்றின் தாய்ச்செடி எங்கே இருந்தது என்று விசாரியுங்கள்.

வேர்மண்

இனம் உறுதியாகிவிட்டதால் மஞ்சள் இலைகளைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன் மூன்று செய்திகள் எனக்குத் தெரிய வேண்டும். மஞ்சளான இலையில் நரம்புகள் பச்சையாக நிற்கின்றனவா, அல்லது இலை முழுவதும் ஒரே சீராக வெளிறுகிறதா? மேல் வரிசைக்கு அருகே சிமெண்டுக் கட்டுமானம் ஏதேனும் உண்டா? மேலேயுள்ள தேயிலைக்கு டோலமைட் இடும் வழக்கம் உண்டா?

குன்றுவழி

இருவருக்கும் நன்றி. காயை நறுக்கிப் பார்த்தேன். இலைநரம்பு அவர்கள் விவரித்தபடியே, நீலச் சதைக்குள் ஒரு சிறு பெட்டகம் இருந்தது.

வேர்மண் அவர்களின் கேள்விகளுக்கு விடை இதோ. இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிர்மஞ்சளாகவும் இருக்கின்றன. முதிர்ந்த இலைகள் அவ்வளவாக மாறவில்லை. மேல் வரிசை, மண் சரியாமலிருக்கப் புதிதாகக் கட்டிய கான்கிரீட் தடுப்புச் சுவரின் அடியை ஒட்டியே இருக்கிறது. தேயிலைக்குக் கவாத்து முடிந்ததும் டோலமைட் இடுவது உண்டு; கடைசியாக இட்டது சீகையை அகற்றுவதற்கு முன்பு. விறகடுப்பின் சாம்பலைச் செடிகளின் தூரில் போடும் பழக்கமும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

வேர்மண்

விடைகள் தெளிவாக இருக்கின்றன. மண்ணில் தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலைதான், ஏனெனில் செடி அங்கிருந்து அச்சத்தை எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி எளிதில் இடம்மாற்ற முடியாது. ஆகவே இரும்பு எட்டாதபோது இளம் இலையே வெளிறுகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. உங்கள் செடியில் காண்பது இதுவே. நீலகிரிச் செம்மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை என்பதால், மண்ணில் இருக்கும் இரும்பைச் செடியால் எடுக்க முடியவில்லை என்றுதான் பொருள். சுண்ணாம்புத்தன்மை கூடினால் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். ஹீத் குடும்பத்துச் செடிகள் இதனால் மிக எளிதில் பாதிக்கப்படுபவை என்பது உலகெங்கும் தோட்டக்காரர்கள் அறிந்த செய்தி.

சுண்ணாம்பு உங்களுக்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. புதிய கான்கிரீட்டின் மேல் மழை வழியும்போது அதிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு கரைந்து சுவரின் அடிமண்ணில் இறங்குகிறது. டோலமைட் என்பது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்; அது தேயிலை வயலின் மண்ணோடு மேலிருந்து அடித்து வரப்படலாம். சாம்பலும் காரமானதே. மூன்றில் சுவரே பெரிய காரணம் என்று நினைக்கிறேன், ஏனெனில் கீழ் வரிசை நலமாக இருக்கிறது என்கிறீர்கள். எதையும் செய்வதற்கு முன் இரு வரிசையிலிருந்தும் தனித்தனியாக மண் எடுத்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் இச்செடிக்கு ஏற்றது. மேல் வரிசையில் 6.5-ஐத் தாண்டியிருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

அப்படி இருந்தால், சுவரின் அடியில் நின்று போராடுவதைவிட, பருவமழைக் காலத்தில் வேர்க்கட்டி குலையாமல் கன்றுகளைக் கீழ்வரிசைக்கு மாற்றிவிடுவதே எளிது. கந்தகத் தூள் இட்டும் மண்ணின் காரத்தைக் குறைக்கலாம். ஆனால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றப் பல மாதங்கள் பிடிக்கும். அதற்குள் சுவர் மறுபடியும் சுண்ணாம்பை இறக்கிக்கொண்டே இருக்கும். இலைமேல் இரும்பு சல்பேட்டுக் கரைசலைத் தெளித்தால் பச்சை திரும்பும். அடுத்த தளிர் மீண்டும் மஞ்சளாகவே வரும். சாம்பலை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து வேரைப் பற்றி. இக்குடும்பத்துச் செடிகளின் நுனிவேர்கள் முடியைவிட மெல்லியவை. அவற்றில் மற்றச் செடிகளுக்கு இருப்பது போன்ற வேர்த்தூவிகள் இல்லை. அதற்கு ஈடாக அவ்வேர்களின் வெளியடுக்குச் செல்களுக்குள்ளேயே ஒருவகைப் பூஞ்சை சுருண்டு குடியிருக்கிறது. அமிலம் மிகுந்த, இலைமட்கு நிறைந்த மண்ணில் தழைச்சத்தின் பெரும்பகுதி புரதம் முதலிய கரிமப் பொருள்களுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும். பூஞ்சை தன் நொதிகளால் அவற்றைச் சிதைத்துச் சத்தைச் செடிக்குக் கொடுக்கிறது. செடி தன் சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குத் தருகிறது. மற்றச் செடிகள் தயங்கும் சத்தற்ற மண்ணில் இப்புதர் செழிப்பதற்கு இந்தக் கூட்டே காரணம். இப்பூஞ்சைகளுள் நன்கு ஆராயப்பட்ட ஹயலோஸ்கைபா ஹெபாடிசிகோலா என்பது ஈரல்பாசிகளின் வேர்போன்ற இழைகளான வேரிகளிலும் வாழக்கூடியது. பாசி படர்ந்த மண்வெட்டுகளில் ஹீத் குடும்பக் கன்றுகள் தாமாக முளைப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொடர்பு நினைவுக்கு வரும்.

ஆகவே நாற்று வளர்க்கும்போது, உங்கள் மண்சரிவில் நிற்கும் தாய்ப்புதரின் அடியிலிருந்து ஒரு பிடி மேல்மண்ணை எடுத்து நாற்றுக்கலவையில் சேருங்கள். கடையில் விற்கும் பொதுவான வேர்ப்பூஞ்சைத் தூள்கள் இதற்குப் பயன்படா. அவை பெரும்பாலும் வேறு வகைப் பூஞ்சையைக் கொண்டவை. இக்குடும்பத்து வேர்களோடு அவை கூடுவதில்லை.

விதையிலிருந்து வளர்ப்பது நடக்கக்கூடியதே, ஆனால் பொறுமை வேண்டும். நன்கு கறுத்த நீலக் காய்களைப் பறித்து, நீரில் பிசைந்து சதையை அகற்றி, பெட்டகத்தை நிழலில் உலர்த்தினால் தூள்போன்ற நுண்விதைகள் உதிரும். சலித்த இலைமட்கும் கழுவிய மணலும் கலந்த தட்டத்தின்மேல் அவற்றைத் தூவி, மண்ணால் மூடாமல் விட்டுவிட வேண்டும். இவ்வளவு நுண்ணிய விதைக்கு முளைக்க வெளிச்சம் தேவை, மேலே வந்துசேரும் அளவுக்குச் சேமிப்பும் அதனிடம் இல்லை. பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். தட்டத்தைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். கண்ணாடியால் மூடிச் சிதறிய வெளிச்சத்தில் வையுங்கள். முளைப்பு சீராக இராது. சில வாரங்களில் சில முளைக்கும். மற்றவை மாதக்கணக்கில் காக்க வைக்கும்.

அரைமுற்றிய குச்சிகளை வேர்த்தூண்டியில் தோய்த்து நட்டும் பெருக்கலாம். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகள் இருந்தால் பதியம் போடுவதே எல்லாவற்றிலும் எளிய வழி. ஆனால் பதியமும் குச்சியும் ஒரே தாயின் நகல்கள். சரிவு முழுவதையும் நகல்களால் நிரப்புவது எனக்கு உவப்பானதல்ல.

குன்றுவழி

மிக்க நன்றி. மண் மாதிரியை நாளையே எடுக்கிறேன். இன்னொரு செய்தியும் கேட்க வேண்டியிருக்கிறது. வாங்கிய கன்றுகளோடு, இவ்விலையைக் கொதிக்கவைத்துக் கஷாயமாகக் குடித்தால் மூட்டுவலி தீரும் என்ற அறிவுரையும் சேர்ந்து வந்தது. என் மாமனாருக்கு அதில் ஆர்வம் பிறந்துவிட்டது. அவர் இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர். எங்கள் உறவினர் ஒருவரோ, நிலம் முழுவதும் இதையே நட்டுத் தைலம் வடித்து விற்கலாம் என்கிறார். இரண்டுக்கும் என்ன சொல்வது?

வாலைக்கூடம்

முதல் கேள்விக்கு நேரடியாகவே விடை சொல்கிறேன்: உங்கள் மாமனார் அக்கஷாயத்தைக் குடிக்கக் கூடாது. இந்த இலையின் மணத்துக்குக் காரணம் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள். வடித்த தைலத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் அதுவே இருக்கும். அது உடலுக்குள் சென்றால் சாலிசிலிக் அமிலமாக மாறும். ஆஸ்பிரினும் அதையேதான் உடலில் விடுவிக்கிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளோடு இது சேர்ந்தால் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது. அத்தகைய மாத்திரையான வார்ஃபாரினை எடுத்துக்கொள்பவர்கள் மெத்தில் சாலிசிலேட் கலந்த களிம்பைத் தோலில் தாராளமாகத் தேய்த்ததாலேயே பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கஷாயத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று வீட்டில் அளக்க வழியே இல்லை. இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்பதை அவருக்கு மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

தைலத்தைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஒரு தேக்கரண்டித் தைலத்தில், அதாவது 5 மில்லிலிட்டரில், ஏறக்குறைய 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகளில் 20-க்கும் மேற்பட்டவற்றை ஒரே மடக்கில் விழுங்குவதற்கு அது ஒப்பாகும். ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த அளவு சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. மிட்டாய் மணம் வீசுவதால் குழந்தைகளுக்கு அதில் ஈர்ப்பும் உண்டு. வீட்டில் புட்டி இருந்தால் பூட்டி வையுங்கள்.

இனித் தொழில். முழு இலையை முகர்ந்தால் மணம் மிகக் குறைவாகவும், கசக்கியபின் மிகுதியாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இலையில் மெத்தில் சாலிசிலேட் தனியாக இல்லை. கோல்தெரின் என்ற கிளைக்கோசைடாகச் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதி அப்பிணைப்பை அறுக்கிறது. அதனால் இலையை நறுக்கி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்த பிறகே வாலையில் ஏற்றுவார்கள். ஊறலைச் சுருக்கினால் விளைச்சல் குறையும். யூகலிப்டஸ் தைலம் வடித்துப் பழகியவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். யூகலிப்டஸ் தைலம் நீரின் மேல் மிதக்கும். இது நீரைவிடக் கனமானது, ஒப்படர்த்தி 1.18 என்பதால் பிரிகலத்தின் அடியில் தங்கும். எடுக்கும் குழாய் அடியில் இருக்க வேண்டும்.

100 கிலோ இலைக்குக் கிடைப்பது பொதுவாக ஒரு கிலோவுக்கும் குறைந்த தைலமே. மறுபுறம், 1843-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கவூர் இதே பேரினத்து அமெரிக்கச் செடியின் தைலத்தில் மெத்தில் சாலிசிலேட்டை இனங்கண்டார். பின்னர் சாலிசிலிக் அமிலத்தை ஃபீனாலிலிருந்து தொழிற்சாலையில் செய்யும் வழி பிறந்தது. அதோடு மெத்தனாலைச் சேர்த்தால் மெத்தில் சாலிசிலேட் கிடைத்துவிடுகிறது. இன்று களிம்புகளில் சேர்வது பெரும்பாலும் அச்செயற்கைச் சரக்கே. மூக்கால் இரண்டையும் பிரிக்க முடியாது. பெட்ரோலியத்திலிருந்து வந்ததில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் இராது என்பதை வைத்து ஆய்வகத்தில் பிரிக்கலாம். ஆனால் சாலையோரக் கடையில் புட்டி வாங்குபவர் அதைச் செய்யப்போவதில்லை. இயற்கைத் தைலத்தை விரும்பும் வாங்குநர்களுக்கு நேபாளமும் சீனாவும் பெருமளவில் அனுப்புகின்றன. நேபாளத்தில் வடிக்கப்படுவதும் உங்கள் சரிவில் நிற்கும் இதே இனம்தான். ஒரு சிறு நிலத்தின் விளைச்சலைக் கொண்டு அச்சந்தையில் நிற்பது கடினம்.

வணிகத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இப்பொருள் செடிக்கே எதற்கு என்பது சுவையான கேள்வி. கிருமி தாக்கிய புகையிலைச் செடி மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் விடுகிறது என்றும், அதை உள்வாங்கும் அண்டைச் செடிகளில் எதிர்ப்பாற்றல் தூண்டப்படுகிறது என்றும் 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நம் புதர் அதே பொருளை இலை முழுவதும் இவ்வளவு மிகுதியாகச் சேமித்து வைப்பது, தின்ன வருவனவற்றை விலக்குவதற்காகவும் இருக்கக்கூடும்.

புல்வெளி

இதுவரை எழுதியவர்கள் செடியை எப்படி வளர்ப்பது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எங்கே வளர்ப்பது என்பதில் எனக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. நீலகிரியின் மேல்மட்டத்தில் பள்ளங்களில் சோலைக்காடும், அவற்றைச் சூழ்ந்த மேடுகளில் புல்வெளியும் மாறி மாறி அமைந்திருந்தன. சீகை முதலான அயல்மரங்கள் நடப்பட்ட இடங்களுள் பெரும்பகுதி அப்புல்வெளிகளே. உங்கள் கீழ்ப்பாதி சீகைக்கு முன் புல்வெளியாக இருந்திருந்தால், அதைப் புதர்களால் அடர நிரப்புவது மீட்பு ஆகாது. அயல்மரங்களுக்குப் பதிலாக உள்ளூர்ப் புதர்களால் புல்லை மூடுவதாகவே அது முடியும். ஊரிலுள்ள மூத்தவர்களிடம் அந்த இடம் முன்பு எப்படி இருந்தது என்று கேளுங்கள். எருமை மேய்ந்த இடம் என்று யாரேனும் சொன்னால், முதலில் உள்ளூர்ப் புல்லைக் கொண்டுவருவதே நியாயம்.

கோல்தேரியாவுக்கு இயல்பான இடம் சோலையின் விளிம்பு, பாறையிடுக்கு, ஓடைக்கரை மேடு, மண் வெட்டுப்பட்ட சரிவு ஆகியவை. சாலையோரச் சரிவில் அது தானாக வந்திருப்பது தற்செயல் அல்ல. உங்கள் நிலத்தில் அத்தகைய விளிம்புகளைத் தேடி அங்கே மட்டும் நடுங்கள். வாக்சினியத்தையும் காட்டுப்பூவரசையும் இடையிடையே சேர்க்கலாம். மூன்றுக்கும் ஒரே வகை மண் பிடிக்கும்.

உங்கள் உண்மையான எதிரி வேறு. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை அகற்றியதும் வெயில் பட்டு ஒரேயடியாக முளைக்கும். ஆண்டுதோறும் அவற்றைப் பிடுங்காவிட்டால் நீங்கள் நட்ட எதுவும் தலையெடுக்காது. பிடுங்கும்போது மண்வெட்டியால் கொத்தாமல், மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில் கையால் இழுத்து எடுங்கள். கோல்தேரியாவின் நுண்வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருக்கும், கொத்தினால் அறுந்துபோகும்.

மற்றொன்று, காப்புக்காடுகளிலிருந்து செடியையோ மண்ணையோ எடுப்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முக்குர்த்தி போன்ற தேசியப் பூங்காவுக்குள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். வேர்மண் அவர்கள் சொன்ன அந்த ஒரு பிடி மண்ணும் உங்கள் எல்லைக்குள் நிற்கும் புதரின் அடியிலிருந்தே வர வேண்டும். நீங்கள் கண்ட புதர் எல்லைக்கு வெளியே, சாலைக்கான நிலத்தில் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேர்மண்

புல்வெளி அவர்கள் சொன்ன இடத்தேர்வை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் சற்று வேறுபடுகிறேன். சீகை தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் மரம் என்பதால், அது நின்ற இடம் முன்பிருந்த புல்வெளி மண்ணாக இப்போது இல்லை. சத்து கூடிய அம்மண்ணில் உள்ளூர்ப் புல்லும் முதல் ஓரிரு ஆண்டுகளில் களைகளிடம் தோற்கலாம். ஆகவே புல்லை விதைத்துவிட்டு உடனே பலன் தெரியவில்லை என்று கைவிட வேண்டாம். இதே காரணத்தால் கோல்தேரியாவுக்கு உரம் எதுவும் தேவைப்படாது. என்றேனும் இட நேர்ந்தாலும் அம்மோனியம் சல்பேட்டை மிகக் குறைவாக இடுங்கள். நைட்ரேட் உரங்களை இக்குடும்பத்துச் செடிகள் நன்றாகப் பயன்படுத்துவதில்லை.

குன்றுவழி

அனைவருக்கும் நன்றி. தாய்ப்புதர் எங்கள் எல்லைக்கல்லுக்கு உட்புறமே நிற்கிறது. வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கீழ்ப்பாதியின் நடுப்பகுதி முன்பு மேய்ச்சல் நிலம் என்று பக்கத்து நிலத்துப் பெரியவர் சொல்கிறார். ஆகவே அதைப் புல்லுக்கு விட்டுவிட்டு, ஓடைக்கரையையும் மண்சரிவையும் மட்டும் புதர்களுக்கு ஒதுக்குகிறோம். மாமனாரிடம் வாலைக்கூடம் அவர்களின் விடையை அப்படியே படித்துக் காட்டினேன். கஷாயப் பேச்சு நின்றுவிட்டது. கடைசியாக ஓர் ஐயம்: மஞ்சளான கன்றுகளை இடம் மாற்றும்போது, பழைய மண்ணை வேரிலிருந்து முழுவதும் உதறிவிட வேண்டுமா?

வேர்மண்

வேண்டாம். உதறினால் நுண்வேர்களும் அவற்றிலுள்ள பூஞ்சையும் அறுந்துபோகும். செடி அதிலிருந்து மீள்வது அரிது. வேர்க்கட்டியோடு அப்படியே எடுத்து, முன்பிருந்த ஆழத்துக்கு மேல் புதையாமல் நட்டு, சுற்றிலும் இலைமட்கைப் பரப்புங்கள். வேர்க்கட்டியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு சுண்ணாம்பை நீலகிரி மழை கரைத்துக்கொண்டு போய்விடும். ஏற்கெனவே மஞ்சளான இலைகள் பச்சைக்குத் திரும்பாமல் உதிரலாம். அவற்றை வைத்து முடிவு செய்யாமல், இடம் மாற்றியபின் விடும் தளிரின் நிறத்தைப் பாருங்கள். மண் பரிசோதனை முடிவு வந்ததும் இரு வரிசையின் பி.எச். அளவுகளையும் இங்கே எழுதுங்கள்; சுவரிலிருந்து எவ்வளவு தூரம் விலகி நட வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியும்.